உடைந்த மூக்கை ஒட்டிவிடாதீர்கள்

கேள்வி: என் மாமனார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஓர் ஆங்கில அதிகாரியின் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். 1971-இல் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியபோது இரண்டு பழைய பீங்கான் டீபாட்டுகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்களாம். இப்போது அவை என்னிடம் இருக்கின்றன. ஒன்று நீலமும் வெள்ளையுமான சீன டீபாட். அடியில் ஆறு சீன எழுத்துகள். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் "காங்சி பேரரசர் காலம்" என்று படித்துச் சொன்னார். மற்றது இங்கிலாந்தில் செய்தது என்று நினைக்கிறேன். நீலப் பூக்கள், அடியில் ஒரு பிறை அடையாளம். அதன் மூக்கு நுனி உடைந்திருக்கிறது, கைப்பிடியில் மயிரிழை விரிசல். மகன் தங்கநிறப் பசை வாங்கி ஒட்டலாம் என்கிறான். ஒரு கடைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து 300 வெள்ளி தருவதாகச் சொல்கிறார். இவை உண்மையிலேயே பழையவையா? ஒட்டலாமா, விற்கலாமா? பொங்கலன்று அதில் தேநீர் போடலாமா? இதுபோன்றவற்றை மாதம் 200 வெள்ளிக்குள் வாங்கிச் சேர்க்கவும் ஆசை வந்துவிட்டது. அடுத்த மாதம் காரைக்குடி போகிறேன். அங்குள்ள பழம்பொருள் கடைகளில் வாங்கி வரலாமா?
– ஈசூன் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகனிடம் அந்தப் பசையைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பழம்பீங்கானைப் பழுதுபார்ப்பதும் மதிப்பிடுவதும்தான் என் தொழில். அந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், மூக்கு நுனி உடைந்த இடம்தான் இப்போது உங்களிடம் இருக்கும் மிக நல்ல சாட்சி. டீபாட்டின் மற்ற இடங்களைப் பெரும்பாலும் வண்ணமும் கண்ணாடிப்பூச்சும் மூடியிருக்கின்றன. உள்ளே இருக்கும் மண் என்ன மண் என்று தெளிவாகக் காட்டுவது அந்த உடைப்புதான். அதன்மேல் பசையும் பொன்னிறத் தூளும் ஏறிவிட்டால், பிறகு பார்க்க வருபவருக்குப் பாதி விடை மறைந்துவிடும்.

பகல் வெளிச்சத்தில், ஒரு பூதக்கண்ணாடி வைத்து அந்த உடைப்பைப் பாருங்கள். சீனப் பீங்கான் வெள்ளைக் களிமண்ணும் ஒருவகைப் பாறைத்தூளும் கலந்து ஏறத்தாழ 1,300 டிகிரி வெப்பத்தில் சுட்டது. உடைந்த இடம் இறுக்கமாக, மினுமினுப்பாக இருக்கும். பூச்சும் மண்ணும் எங்கே பிரிகின்றன என்றே தெரியாது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர்களுக்கு அந்தக் கலவை கைவரவில்லை. ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்குத் தெரிந்த மாற்றுக் கலவையில் பீங்கான் செய்தது. அதை மென்பீங்கான் என்போம். பொதுவாக அதன் உடைப்பு சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போலப் பொடிப்பொடியாக இருக்கும், மேற்பூச்சு தனிப் படலமாகத் தெரியும்.

டீபாட்டுக்கு இந்த வேறுபாடு உயிர்போன்றது. தட்டும் ஜாடியும் எந்தக் கலவையிலும் பிழைத்துக்கொள்ளும். கொதிக்கும் நீர் ஊற்றும் பாத்திரம் அப்படியில்லை. தொடக்கக்கால ஆங்கில டீபாட்டுகள் பல, வெந்நீர் பட்டதும் விரிசல் விட்டன. 1751-இல் தொடங்கிய வூஸ்டர் தொழிற்சாலை தன் கலவையில் கார்ன்வால் பகுதியின் மாக்கல்லைச் சேர்த்தது. அந்தப் பீங்கான் வெந்நீரைத் தாங்கியது. வூஸ்டர் டீபாட்டுகள் இன்றும் இவ்வளவு மிஞ்சியிருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உங்களுடைய பிறை அடையாளமும் வூஸ்டரைத்தான் முதலில் நினைவூட்டுகிறது. 1750-களின் நடுவிலிருந்து ஏறக்குறைய 1790 வரை, கையால் தீட்டிய நீல வேலைப்பாட்டின் அடியில் கோட்டுப் பிறையையும், அச்சில் ஒற்றிய வேலைப்பாட்டின் அடியில் உள்ளே கோடு நிரப்பிய பிறையையும் அவர்கள் போட்டார்கள்.

ஆனால் பிறை போட்டவர்கள் அவர்கள் மட்டுமல்ல. லோஸ்டாஃப்ட் தொழிற்சாலை அதைப் பார்த்துப் போட்டது. காஃப்லி தொழிற்சாலை தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டது, அந்த ஆங்கில எழுத்தும் பிறைபோலவே தெரியும். 1845-இல் பாரிஸில் தொடங்கிய சாம்சன் நிறுவனம் பழைய வூஸ்டர் வேலையை அப்படியே நகல் செய்தது, முத்திரையோடு சேர்த்து. நல்லவேளையாக சாம்சனின் நகல்கள் சீனப் பீங்கான்போன்ற கடினக் கலவை. ஆக, முத்திரை தீர்க்காத கேள்வியை உங்கள் உடைந்த மூக்கே தீர்த்து வைக்கலாம். அப்புறம், இருட்டறையில் கைத்தொலைபேசி விளக்கை டீபாட்டுக்குள் விட்டுப் பாருங்கள். பழைய வூஸ்டரில் ஊடுருவி வரும் ஒளி பெரும்பாலும் இளம்பச்சை சாயல் காட்டும். காஃப்லியில் ஆரஞ்சு சாயல் வரும். இதுவும் முடிந்த முடிவல்ல, உடைப்போடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சாட்சி.

அளவையும் கவனியுங்கள். இங்கிலாந்தில் தேயிலை மீதான வரி 1784-இல்தான் 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதற்கு முன் தேயிலை பூட்டி வைக்கும் பொருள், டீபாட்டும் அதற்கேற்பச் சின்னது. நாலைந்து பேருக்கு வயிறார ஊற்றும் அளவுக்குப் பெரிதாக இருந்தால், 1760-கள் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அடியில் "இங்கிலாந்து" அல்லது "சீனா" என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் கதை இன்னும் எளிது. அமெரிக்காவின் மெக்கின்லி வரிச்சட்டம் காரணமாக 1891 முதல்தான் நாட்டின் பெயரை அப்படிப் பொறிப்பது வழக்கமானது.

சரி, காங்சி எழுத்துகளுக்கு வருவோம். இதில் உங்கள் எதிர்பார்ப்பைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் சரியாகத்தான் படித்திருப்பார். "மகா சிங் மரபில் காங்சி ஆட்சியில் செய்யப்பட்டது" என்பதுதான் அந்த ஆறு எழுத்துகளின் பொருள். காங்சி ஆண்டது 1662 முதல் 1722 வரை. ஆனால் பீங்கான் நகரமான ஜிங்தெஜெனில் 1677-ஆம் ஆண்டே, பேரரசர் பெயரைப் பாத்திரத்தில் எழுதக் கூடாது என்று வட்டார அதிகாரி தடை போட்டார். பாத்திரம் உடைந்து குப்பைக்குப் போகும்போது பெயரும் போகுமே என்பது காரணம். அதனால் அந்தக் காலத்து நல்ல பீங்கான் பலவற்றில் வெறும் இரட்டை வட்டமோ, ஓர் இலையோ, முந்தைய மிங் மரபு அரசரின் பெயரோதான் இருக்கும். ஏற்றுமதிக்காகச் செய்த டீபாட்டுகளில் பெரும்பாலானவற்றில் எதுவுமே இருக்காது. மாறாக, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீலவெள்ளைப் பாத்திரங்களில் காங்சி பெயர் தாராளமாக எழுதப்பட்டது. முன்னோர் வேலைக்குச் செய்யும் மரியாதையாக எழுதியவர்களும் உண்டு, விலைக்காக எழுதியவர்களும் உண்டு.

எனவே எழுத்தை மறந்துவிட்டு அடிவட்டத்தைப் பாருங்கள். பூச்சில்லாத அந்த வளையம் இரு நூறு ஆண்டுகள் மேசைமேல் நகர்ந்திருந்தால், தேய்மானம் ஒழுங்கில்லாமல், அதிகம் உராயும் இடங்களில் மட்டும் இருக்கும். ஒரே திசையில், ஒரே ஆழத்தில் கீறல்கள் இருந்தால் யாரோ உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். மூக்கு உடலோடு சேரும் இடத்தை உள்பக்கமாகப் பாருங்கள். தேயிலையைத் தடுக்கும் துளைகள் கையால் குத்தியவை என்றால் இடைவெளியும் வடிவமும் சற்று முன்பின்னாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது என்று முடிவானாலும் வருந்தாதீர்கள். அதுவும் நூறாண்டைத் தாண்டிய நேர்மையான டீபாட்தான்.

மூடியைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. டீபாட்டில் முதலில் கைதவறி உடைவது அதுதான், வேறொன்றின் மூடியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். நீலத்தின் சாயல், பூச்சின் வெண்மை, ஓவியக் கோட்டின் தடிமன் மூன்றும் உடலோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மூடி சரியாக உட்காருவது மட்டும் போதாது. மாற்று மூடி என்றால் விலை கணிசமாகக் குறையும்.

இப்போது அந்த 300 வெள்ளி. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் அது குறைவா கூடுதலா என்று நான் சொல்வது முறையல்ல. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பொருளுக்குச் சேர்த்து ஒரே விலை சொல்பவரிடம் அவசரப்பட்டு விற்காதீர்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லக் கேளுங்கள். அவரே மதிப்பிட்டு அவரே வாங்குவது உங்களுக்குச் சாதகமான ஏற்பாடு அல்ல. வாங்காத ஒருவரிடம் காட்டுங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் படம் அனுப்பினால் கட்டணமின்றி உத்தேச மதிப்புச் சொல்கின்றன. முன்பக்கம், பின்பக்கம், அடி, மூடியின் உள்பக்கம், உடைந்த மூக்கு, விரிசல் எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். குறையை மறைத்து எடுத்த படத்துக்கு வரும் மதிப்பீடு எதற்கும் உதவாது.

இன்னொரு வேலை இருக்கிறது. இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். மாமனார் சொன்ன கதையை எழுதி வையுங்கள். எந்த அதிகாரி, எந்தச் சாலையில் வீடு, எந்த ஆண்டு, யார் கையால் கொடுத்தது என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்வரை கேட்டு எழுதுங்கள். அந்தக் காலத்துப் புகைப்படமோ வேலைச் சான்றிதழோ இருந்தால் சேர்த்து வையுங்கள். ஒரு பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாறு இந்தத் தொழிலில் பெரிய சொத்து. அது டீபாட்டைவிட வேகமாக அழிந்துவிடும்.

ஒட்டுவதைப் பற்றி: கடையில் கிடைக்கும் தங்கநிறப் பசைப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது எபாக்சி என்ற செயற்கைப் பிசினும் மினுமினுப்புத் தூளும். ஜப்பானியர்கள் அரக்கும் பொன்னும் கொண்டு செய்யும் வேலை அது அல்ல. எபாக்சி இறுகிவிட்டால் எடுப்பது பெரும்பாடு, எடுக்கும்போது பழைய பூச்சும் பெயரலாம். மூக்கு நுனி உடைந்து கிடப்பதால் அந்த டீபாட்டுக்கு மேலும் கேடு எதுவும் வராது, அப்படியே இருக்கட்டும். கவலைக்குரியது கைப்பிடி விரிசல். இனி அதைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கவே கூடாது. மூடியைத் தனியாக எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் உடலைத் தாங்கித் தூக்குங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். குறிப்பாகத் தீபாவளிக்கு முன் அலமாரி துடைப்பவர்களுக்கு. கழுவ வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பேசினில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு போதும். குளோரின் கலந்த வெளுப்பான் ஒருபோதும் வேண்டாம், பாத்திரம் கழுவும் இயந்திரமும் வேண்டாம்.

பொங்கல் தேநீருக்கு வேறு டீபாட் எடுங்கள். பழைய ஆங்கிலப் பீங்கானின் கண்ணாடிப்பூச்சில் ஈயம் இருக்கும். அதோடு அந்த விரிசலில் கொதிநீர் பட்டால் அது நீளும். சீன டீபாட்டின் நீலம் பூச்சுக்கு அடியில் உயர் வெப்பத்தில் சுட்டது என்பதால் ஈயக் கவலை அவ்வளவு இல்லை. ஆனால் உள்ளே பழைய ஒட்டுவேலை ஏதும் இல்லை என்று உறுதியாகும்வரை அதையும் பயன்படுத்த வேண்டாம். மின்சாதனக் கடையில் கிடைக்கும் சிறிய புறஊதா விளக்கை இருட்டில் அடித்துப் பாருங்கள். ஒட்டுவேலை உள்ள இடம் பல நேரங்களில் வேறு நிறத்தில் ஒளிரும்.

சேகரிக்கும் ஆசை வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நம்மவர்களில் பித்தளையும் வெண்கலமும் சேர்ப்பவர்கள் நிறைய, பீங்கான் பக்கம் வருபவர்கள் குறைவு. ஆனால் மாதம் 200 வெள்ளி என்பதை மாதம் ஒரு டீபாட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த விலைக்கு மாதாமாதம் வாங்கினால் வீடு நிறையும், சேகரிப்பு வளராது. ஐந்தாறு மாதப் பணத்தைச் சேர்த்து, நன்றாக விசாரித்து ஒன்று வாங்குங்கள். குறையில்லாத நகலைவிட மூடியில்லாத, மூக்கு உடைந்த, ஆனால் சந்தேகமில்லாத 18ஆம் நூற்றாண்டு டீபாட்டையே நான் வாங்கச் சொல்வேன். விலையும் பல மடங்கு குறைவு, கற்றுக்கொள்ள அதில்தான் அதிகம் இருக்கிறது. பழைய காலத்தில் விரிசலின் இருபுறமும் துளையிட்டு உலோகக் கம்பியால் தைத்த டீபாட் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், கம்பியை அகற்றாதீர்கள். யாரோ ஒருவர் அதைத் தூக்கியெறிய மனமில்லாமல் காசு கொடுத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறார்.

வாங்கும் முன் கண்ணைப் பழக்குங்கள். எம்பிரஸ் பிளேசில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் ஏற்றுமதிப் பீங்கானைப் பாருங்கள். ஆர்மீனியன் ஸ்திரீட்டின் பெரனக்கன் அரும்பொருளகத்தில், பெரனக்கன் குடும்பங்களுக்காக ஜிங்தெஜெனில் செய்த இளஞ்சிவப்பும் பச்சையுமான பீங்கானைப் பாருங்கள். ஒரே அறையில் அரை மணிநேரம் நின்று, ஒரு நீலத்துக்கும் இன்னொரு நீலத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே பாதிப் போலிகள் உங்களை ஏமாற்ற முடியாது. யாராவது "தாங் காலத்து டீபாட்", "சொங் காலத்து டீபாட்" என்று விற்றால் நகர்ந்துவிடுங்கள். மிங் மரபுக்கு முந்தைய அந்தச் சீன அரச மரபுகளின் காலங்களில் தேயிலையை அச்சுக்கட்டியாக்கி, பொடித்துப் பயன்படுத்தினார்கள். மிங் மரபின் முதல் பேரரசர் 1391-இல் கட்டித் தேயிலைத் திறையை நிறுத்திய பிறகே உதிரித் தேயிலையை ஊறவைக்கும் பழக்கம் வேரூன்றி, டீபாட் என்ற பாத்திரமே உருவானது.

சிங்கப்பூரில் இருக்கும் உங்களுக்கு ஓர் இயல்பான தொடக்கம் உண்டு. சீனப் பீங்கான் மேற்கே போன வழியெல்லாம் நம் கடல்தான். கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பல் 1752-இல் பிந்தான் தீவுப் பக்கம் பாறையில் மோதி மூழ்கியது. 1985-இல் மீட்டெடுத்த அதன் பீங்கான் அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனது, அதில் டீபாட்டுகளும் இருந்தன. தெக் சிங் என்ற சீனக் கப்பல் 1822-இல் மூழ்கியது, அதன் சரக்கு 2000-இல் ஏலத்துக்கு வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது டயானா. காண்டனிலிருந்து நம் சென்னைக்குப் போகும் வழியில், 1817-இல் மலாக்கா அருகே மூழ்கிய கப்பல் அது. நம் ஊர் வீடுகளுக்குப் போயிருக்க வேண்டிய தட்டுகளும் கிண்ணங்களும் 1995-இல் ஆம்ஸ்டர்டாமில் விற்கப்பட்டன. இந்த மூன்று கப்பல்களின் பொருள்கள் ஏலச் சீட்டோடு இன்றும் கைமாறுகின்றன. இருநூறு ஆண்டுப் பொருளுக்குக் காலம் உறுதியாகத் தெரிந்து, விலையும் கைக்கெட்டுவது இந்த வகையில்தான். சிறு கிண்ணத்தில் தொடங்குங்கள். ஒட்டிய சீட்டை மட்டும் நம்ப வேண்டாம், சீட்டை மாற்றி ஒட்டுவது எளிது. ஏல ரசீதோ சான்றிதழோ கேளுங்கள். பெட்ரா பிராங்கா அருகே கண்டுபிடித்ததாக 2021-இல் தேசிய மரபுடைமைக் கழகம் அறிவித்த இரண்டு கப்பல்களின் பெயரைச் சொல்லி யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அவற்றில் ஒன்று, சீனாவிலிருந்து இந்தியா திரும்பும்போது 1796-இல் மூழ்கிய ஷா முன்ச்சா. அது அரும்பொருளகத்துக்குரிய பொருள்.

வெளிநாட்டு ஏலத்தில் வாங்கும்போது கூவிய விலையோடு கணக்கு முடிவதில்லை. ஏல நிறுவனத்தின் பங்கு பல இடங்களில் 25 விழுக்காட்டைத் தாண்டும். அப்புறம் பொதிகட்டும் செலவு, காப்புறுதி, இங்கே வந்து சேரும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குங்கள்.

காரைக்குடிக்குக் கட்டாயம் போங்கள், முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளை ஆசைதீரப் பாருங்கள். ஆனால் இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுவர முடியாது. "இது நூறு வருஷத்துக்கு மேல் பழசு" என்று கடைக்காரர் சொல்வது உண்மையானால் வாங்கி வராதீர்கள். 20ஆம் நூற்றாண்டு ஜப்பான் பீங்கான்போல நூறாண்டு ஆகாதது பிடித்திருந்தால், விவரம் எழுதிய ரசீது வாங்குங்கள். ஐயம் இருந்தால் அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் பெற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பொருளும் போய் வழக்கும் வரலாம். சீனாவிலும் இதே கதைதான், 1911-க்கு முந்தைய பொருளை அங்கிருந்து வெளியே விடுவதில்லை. ஊரிலிருந்து நீங்கள் திரும்பும்போது, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியில் இருந்திருந்தால் 500 வெள்ளி மதிப்புவரை பொருள் சேவை வரிவிலக்கு உண்டு. அதற்கு மேல் இருந்தால் சாங்கியில் தெரிவித்துவிட்டு வரியைக் கட்டிவிடுங்கள். அந்த வரிச்சீட்டையும் டீபாட்டின் ரசீதோடு சேர்த்து வையுங்கள்.